பண்ணத்தியும் வானொலியும்: கொல்லங்குடி கருப்பாயி அம்மையாரின் இசைவாழ்வு குறித்த ஓர் ஆய்வு

தொல்காப்பியர் செய்யுளியலில் பண்ணத்தி என ஒன்றனைக் கூறுகின்றார். பாட்டொடு பொருள் கலந்து, பாட்டினைப் போலவே இயல்வது அஃது என்பது அவர் கருத்து. இதற்கு உரை காணப் புகுந்த பேராசிரியர், எழுதும் பயிற்சி இல்லாதவற்றையே இப்பெயர் குறிக்கும் என்றார். இவ்வுரை பெரிதும் சிந்தித்தற்குரியது. பண்ணத்தியை ஏனைய செய்யுள்களினின்று பிரித்துக் காட்டுவது யாப்பும் அன்று, பொருளும் அன்று. எழுத்தில் ஏறாமையே என்று இதனைக் கொண்டு கூறலாம். அங்ஙனமாயின், எழுத்தில் ஏறாத பாட்டு ஒரு நாள் ஏட்டைத் தாண்டி நேரே காற்றில் ஏறிற்றென்றால் அதனை எவ்வகையுள் அடக்குவது? இருபதாம் நூற்றாண்டில் வானொலி எழுப்பிய வினா இது. நம் இலக்கணங்கள் இதற்கு விடை கூறவில்லை, கூறவும் இயலாது. விடையை ஒருவருடைய வாழ்விலேதான் தேட வேண்டும். அவ்வாறு தேடுதற்கு ஏற்ற வாழ்வு கொல்லங்குடி கருப்பாயி அம்மையாருடையது.

கொல்லங்குடி மதுரைக்குக் கிழக்கே, சிவகங்கையைக் கடந்து காளையார்கோயில் செல்லும் வழியில் உள்ளது. வெட்டுடையார் காளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற பகுதி. வையையின் நேர்ப் பாசனம் எட்டாத நிலம். வானத்தையும் கண்மாயையும் நம்பியிருப்பது. அம்மையார் 2025 ஜூன் திங்களில் மறைந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றொன்பது எனச் செய்தித்தாள்கள் கூறின. அவ்வகவையைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடின் ஓர் உண்மை புலப்படும். திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் 1939இல் தொடங்கப்பட்டபோது அவர் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி. ‘ஆண்பாவம்’ திரைப்படம் 1985இல் வெளிவந்து அவரைத் தமிழகம் முழுதும் அறிந்தபோது அறுபதை நெருங்கியவர். தமிழக அரசின் கலைமாமணி விருது 1993இல் வந்தது. ஆகவே, நாம் ‘இசைவாழ்வு’ என்று எழுதும் பகுதி அவர் பாடிய காலத்தின் பிற்பாதி மட்டுமே. முற்பாதி வயலிலும், கும்மிக் களத்திலும், தொட்டிலின் அருகிலும் கழிந்தது. அதற்கு ஆண்டுக் குறிப்பு இல்லை. வாழ்க்கை வரலாறு எழுதுவோர் வானொலியிலிருந்தே தொடங்குகின்றனர். அதற்கு முன்னர் அவர் பாடகர் அல்லர் என்பது போல.

அம்முற்பாதியில் பாட்டு எவ்வாறு இயங்கிற்று என்பதை அறியாமல் வானொலி செய்தது நன்றா தீதா எனக் கூற முடியாது. நடவுப் பாட்டை எடுத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கும் பெண்டிருள் ஒருவர் பாட்டெடுப்பார். மற்றையோர் பின்பாட்டுப் பாடுவர். பின்பாட்டு ஒலிக்கும் அச்சிறு பொழுதிலேதான் முன்னவர் அடுத்த அடியைக் கட்டுகின்றார். அஃது இல்லையெனில் மூச்சுக்கும் இடமில்லை, நினைவுக்கும் இடமில்லை. பாட்டின் நீளத்தை வரையறுப்பது பாடுபவர் விருப்பம் அன்று, எதிர் வரப்பே. வரப்பு நெருங்கின் பாட்டு முடிவுக்கு வரும். செய் அகன்றதாயின் கதை நீளும். அன்று வந்து நிற்கும் நிலக்கிழார் பெயர் அடியில் நுழையும். கூலி குறைத்தவராயின் ஏச்சாகவும், நிறைவாக அளந்தவராயின் வாழ்த்தாகவும் நுழையும். அதனை மறுநாள் அவ்வாறே பாடுவதில்லை. எனவே ‘இன்னார் பாட்டு இத்தனை அடியுடையது’ என்று வரம்பு கட்டுவது இப்பாட்டிற்குப் பொருந்தாது. (இவற்றை ‘நாடோடிப் பாடல்’ என்று நம் முன்னோர் சிலர் வழங்கினர். ஓரூரில் பிறந்து, அவ்வூர் மண்ணை விட்டு நகராதோர் பாடியவற்றிற்கு இப்பெயர் எங்ஙனம் வாய்த்தது என்பது வியப்பே.)

இனி வானொலியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். சென்னை நிலையம் 1938இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் அதற்கு அடுத்த ஆண்டிலும் தோன்றின. மதுரைக்குத் தனி நிலையம் 1980களின் பிற்பகுதியிலேதான் வாய்த்தது. சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த நகர் என்று வானொலியிலேயே பன்முறை புகழப்பட்ட ஊர், தன் குரலைக் காற்றில் விட ஏறத்தாழ ஐம்பது ஆண்டு காத்திருந்தது. அதுவரை வையைக் கரையிலும் கண்மாய்க் கரையிலும் கேட்டது திருச்சிராப்பள்ளியின் குரலும், கடல் கடந்து வந்த இலங்கை வானொலியின் குரலுமே. ஊராட்சி மன்றத்தின் முன் கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக மாலைப்பொழுதில் செய்தியும் உழவர் நிகழ்ச்சியும் கேட்ட காலம் அது. அந்நிகழ்ச்சிகளின் ஆற்றலுக்கு ஒரு சான்று கூறினால் போதும்: 1960களில் தஞ்சை உழவர் ஆடுதுறை 27 என்னும் நெல்லை அதன் எண்ணால் வழங்காமல் ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர்.

இசையைப் பொறுத்தவரை 1952ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ஒலிபரப்பு அமைச்சராகிய கேஸ்கர், திரைப்படப் பாடலை அகில இந்திய வானொலியில் பெரிதும் குறைத்தார். இசைவாணரைத் தேர்ந்து தரம் பிரிக்கும் முறையையும் நிறுவினார். திரைப்பாடல் விரும்பியோர் இலங்கை வானொலிக்குச் சென்றனர். அவர்களை மீட்கவே 1957இல் விவித் பாரதி தொடங்கப்பெற்றது. இடைப்பட்ட காலத்து வெற்றிடத்தை நிரப்ப வானொலி நிலையங்கள் மெல்லிசையையும் நாட்டுப் பாடலையும் நாடின. கேஸ்கர் நாட்டுப் பாடலின் மேல் கொண்ட காதலால் இது நிகழ்ந்ததன்று. எனினும் பயன் விளைந்தது. செவ்விசை வல்லோர் வானொலிக்கு வருமுன்னரே அவர்க்கு அரங்கு இருந்தது. மதுரை தந்த எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களுக்கு வானொலி ஓர் அணி, அடிப்படை அன்று. கருப்பாயி அம்மையார் போன்றோர்க்கோ வானொலியே முதல் அரங்கு. அகில இந்திய வானொலியில் பாடியதால்தான் அவர் கொல்லங்குடிக்கு வெளியே அறியப்பட்டார். வானொலியில் பெற்ற புகழே திரைக்கும் வழி திறந்தது.

இங்கே வானொலி என்ன கொடுத்தது, என்ன வாங்கிக்கொண்டது என்பதைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். முதலாவது காலம். நிகழ்ச்சிக்குரிய நிமிடங்கள் முன்னரே வரையறுக்கப்பட்டவை. எதிர் வரப்பு இருந்த இடத்தில் சுவர்க்கடிகாரம் வந்து நின்றது. இரண்டாவது பின்பாட்டு. பதிவறையில் அதற்கு இடம் கொடுத்தாலும், பாடுவோர் நாற்று முடியை ஏந்தி நிற்கவில்லை. கை ஓயும்போது குரல் தாழும் அவ்வியல்பு அங்கு இல்லை. மூன்றாவதே மிக முதன்மையானது. பாடப்போகும் பாட்டின் சொற்களை எழுதி முன்கூட்டியே கொடுத்தல் வானொலியின் வழக்கம். பொது நிறுவனம் ஆதலின் இன்ன சாதியை, இன்ன சமயத்தைத் தாக்கும் சொல் வாராமற் காக்கும் நெறிமுறை அதற்கு உண்டு. அது வேண்டுவதே. ஆயின் விளைவைப் பாருங்கள். எழுதும் பயிற்சி இல்லாமையே இலக்கணமாகக் கொண்ட பண்ணத்தி, காற்றில் ஏறுமுன் ஒரு முறை தாளில் இறங்கியாக வேண்டும். அன்று வந்த நிலக்கிழாரை அன்றே ஏசும் அடி அத்தாளில் இடம்பெறாது. ஏச்சு நீங்கிய பின் எஞ்சுவன காதலும், தாலாட்டும், தெய்வ வாழ்த்தும், உழவின் பெருமையுமே. நாட்டுப் பாடல் என்றால் இனிமையும் வெள்ளை உள்ளமும் என்று நகரத்தார் எண்ணிக்கொண்டதற்கு இத்தாளும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

இதனால் வானொலி நாட்டுப் பாடலைக் கெடுத்தது என்று முடிவு செய்வோர் உளர். அவர்கட்கு யான் உடன்படேன். கெடுத்தது என்றால் கெடாத வடிவம் ஒன்று எங்கோ நிலைத்து நின்றிருத்தல் வேண்டும். இப்பாட்டிற்கு அப்படி ஒரு நிலைத்த வடிவம் என்றுமே இருந்ததில்லை. இளங்கோவடிகள் கானல்வரியும் ஆய்ச்சியர் குரவையும் அம்மானையும் வள்ளைப்பாட்டும் எடுத்துத் தம் காப்பியத்துள் அமைத்தபோது, கடற்கரையிலும் மதுரை ஆயர்பாடியிலும் உலக்கையடியிலும் ஒலித்தவாறே எடுத்து வைத்தாரல்லர். மாணிக்கவாசகர் பொற்சுண்ணம் இடிக்கும் பாட்டைச் சிவபெருமானுக்கு உரியதாக்கினார். அவற்றைக் கெடுதல் என்று எவரும் கூறுவதில்லை. வானொலியும் எடுத்து மாற்றிற்று. மாற்றினும் பாடியவர் குரலை மாற்றவில்லை. இளங்கோவிடம் ஆய்ச்சியின் சொல்லமைதி இருக்கலாம். அவள் தொண்டை இல்லை. வானொலியில் கருப்பாயி அம்மையாரின் தொண்டையே இருந்தது. அது பழக்கிய குரல் அன்று. திறந்த வெளியில் நெடுந்தொலைவு செல்ல வேண்டி உயர்ந்த நிலையிலேயே நிற்பது. சொல்லின் ஓசையை இசைக்காக மழுக்காதது. சிவகங்கைச் சீமையின் பேச்சு வழக்கைத் திருத்தாமல் பாடிய ஒரு பெண்ணின் குரல், அரசு நிறுவனம் ஒன்றன் வழியே ஒலித்ததென்பது சிறு செய்தி அன்று.

திரைப்படமும் இவ்வொன்றில் வானொலியின் வழியையே பின்பற்றியது. பாண்டியராஜன் இயக்கி, இளையராஜா இசையமைத்த ‘ஆண்பாவம்’ படத்தில் அம்மையார் நடித்தார். தம் குரலிலேயே பாடினார். முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்பதே திரையின் மரபாயிருக்க, இங்கு இரண்டும் ஒருவருடையவாயின. இளையராஜாவும் அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் தோன்றி, தமையனார் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்து, 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாகத் திரைக்கு வந்தவர். எதனைத் தொடலாகாது என்பதை அவர் அறிந்திருந்தார் எனலாம்.

எல்லாரும் வானொலி வழியே வந்தவரல்லர். மதுரையை அடுத்த பரவை முனியம்மா அவர்கள் கோயில் விழா மேடைகளில் பாடிப் பழகி, 2003இல் வெளிவந்த ‘தூள்’ படத்தால் பெரும்பெயர் பெற்று, 2020இல் மறைந்தார். விஜயலட்சுமி நவநீதகிருட்டிணன் அவர்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டே, கணவரோடு ஊர்தோறும் பாட்டுத் தொகுத்து மேடையேற்றினார். 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவ்விருவர் வழிகளும் தனியே ஆராயத்தக்கன. ஈண்டு ஒப்புநோக்க மிகவும் வேண்டப்படுபவர் கே. ஏ. குணசேகரன். அவரும் சிவகங்கைப் பகுதியினரே. மாரந்தையில் 1955இல் பிறந்தவர். ‘வடு’ என்னும் தன்வரலாற்றின் ஆசிரியர். இன்குலாப் இயற்றிய ‘மனுசங்கடா’ என்னும் பாட்டை அவர் பாடக் கேட்டோர் பல்லாயிரவர். அப்பாட்டு மேடையிலும் ஒலிப்பேழையிலும் வாழ்ந்தது. முற்கூறிய தாளிலிருந்து உதிர்ந்த ஏச்சு எங்கே போயிற்று என வினவுவோர்க்கு, இங்கே போயிற்று என்று அப்பேழையைக் காட்டலாம். ஒரே சீமையின் பாட்டு இரு கிளையாகப் பிரிந்தது: வானொலி தாங்கிய கிளை ஒன்று, மேடை தாங்கிய கிளை ஒன்று.

இப்பிரிவு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. கரிபியக் கடலில் உள்ள ஜமைக்காத் தீவில் 1960களின் பிற்பகுதியில் ரெகே என்னும் இசை தோன்றிற்று. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழியினர், தம் வேரையும் வறுமையையும் வழிபாட்டையும் பாடிய பகுதியை ‘ரூட்ஸ் ரெகே’ என்பர். வேரிசை என நாம் கூறலாம். 1950இலும் 1959இலும் தொடங்கிய அத்தீவின் இரு வானொலி நிலையங்களும் ஏழையர் சேரியில் எழுந்த இவ்விசைக்கு நெடுங்காலம் தாராளமாக இடம் தரவில்லை. தெருவில் பெரும் ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு ஒலிக்கச் செய்தோரே அதனை வளர்த்தனர். வெளிநாட்டில் இசைத்தட்டு விற்று, 1981இல் மறைந்த பாப் மார்லி போன்றோர் உலகப் புகழ் பெற்றனர். அங்கே தெருவொலி முந்தியது. வானொலி தயங்கிப் பின்னே வந்தது. ஈண்டு வானொலி முன்வந்து ஒரு மூதாட்டியின் கையைப் பற்றியது. ஆனால் அங்கே பாட்டு இசைத்தட்டாக, விலை உள்ள பொருளாக, எண்ணத்தக்க படிகளாக நின்றது. ஈண்டு அது நின்றதா?

என் குறை வானொலி பாட்டை மாற்றியதில் இல்லை. அதனைக் காவாமையிலேயே உள்ளது. காந்த நாடா விலையுயர்ந்த பொருளாயிருந்த காலத்தில், ஒன்றன் மேல் மற்றொன்றைப் பதிந்து முன்னதை அழித்தல் உலகெங்கும் வானொலி நிலையங்களின் வழக்கம். அரசர் உரையும் பேரிசைவாணர் கச்சேரியும் காக்கப்படும். மாலைநேர நாட்டுப் பாடல் அடுத்த திங்கள் வேறொன்றிற்கு இடந்தரும். பொருளுதவியும் அவ்வாறே. தரத்திற்கு ஏற்ற ஊதியம் பாடிய அன்று ஒரு முறை கிடைக்கும். அவ்வழைப்பும் ஆண்டில் சில முறையே வரும். அது பிழைப்பிற்குப் போதுமானதன்று. திரைப்புகழுக்குப் பின்னும் முதுமையில் அம்மையார் வறுமையுற்றதும், திரைக்கலைஞர் சிலர் உதவ முன்வந்ததும் நாடறிந்த செய்தி. புகழைத் தந்த நிறுவனம் அப்புகழுக்குப் பொறுப்பேற்கும் முறையைத் தன் விதிகளில் எழுதிக்கொள்ளவில்லை. பின்னர் வந்த தனியார் பண்பலை நிலையங்களோ பெரும்பாலும் திரைப்பாடலையே நம்பியவை. அவற்றிடம் எதிர்பார்ப்பதற்கே ஒன்றுமில்லை.

குறையின் மறுபாதி நம்மவர் மேலது. சார்லஸ் கோவர் 1871இல் தென்னாட்டு மக்கள் பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். மு. அருணாசலம் 1943இல் ‘காற்றிலே மிதந்த கவிதை’ தந்தார். கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958இலும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ 1964இலும் வெளிவந்தன. இவை பெருந்தொண்டுகள், ஐயமில்லை. எனினும் இத்தொகுப்பு நெறி ஊர்ப் பொதுச் சொத்தாகப் பாட்டைக் கண்டதே அன்றி, இன்னார் பாட்டு என ஒருவர் பெயரோடு கண்டது அரிது. ‘மக்கள் பாடல்’ என்றவுடன் மக்களுள் ஒருவர் மறைந்துவிடுகின்றார். இங்கேதான் வானொலி புலவரினும் ஒருபடி முன்சென்றது. நிகழ்ச்சி அறிவிப்பவர் பாடுபவர் பெயரைக் கூறியே ஆக வேண்டும். கருப்பாயி என்னும் பெயருடையோர் பலர் ஆதலின் ஊரையும் சேர்த்துக் கூற வேண்டும். ‘கொல்லங்குடி கருப்பாயி’ என்னும் தொடர் ஒலிபரப்பிற்கு வாய்ப்பாக அமைந்த பெயர். ஊர்ப்பெயரை முன்வைக்கும் இவ்வழக்கு சங்கத் தொகைகளைப் பயின்றோர்க்குப் புதிதன்று.

கொல்லங்குடியிலிருந்து ஒக்கூர் நெடுந்தொலைவன்று. சங்கப் புலவருள் பெண்பாலராகிய ஒக்கூர் மாசாத்தியார் சிவகங்கைச் சீமையின் இவ்வூரினர் என்பர். குறுந்தொகையில் ஐந்து, அகநானூற்றில் இரண்டு, புறநானூற்றில் ஒன்று என அவர் பாட்டு எட்டு நமக்குக் கிடைத்துள்ளன. அவர் வாழ்நாளில் எட்டே பாடினார் என எவரும் கருதார். தொகுத்தோர் கைக்கு எட்டியவை அவ்வளவே. தொகுத்தோர் பெயர் அறியாப் பாட்டையும் விட்டுவிடவில்லை. பாட்டினுள் வந்த அரிய தொடரையே அதனைப் பாடியவர்க்குப் பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்றாற்போல் எழுதிவைத்தனர். அங்கே பாட்டு நின்றது, பெயர் போயிற்று. கருப்பாயி அம்மையார் திறத்தில் இது தலைகீழாய் உள்ளது. பெயர் நின்றது, பாட்டில் திரையில் ஏறிய சிலவும் ஆங்காங்கே பதிவில் எஞ்சியனவும் நீங்கலாக ஏனைய எங்கே என்று கேட்க வேண்டியுள்ளது.

வானொலி நிலையங்களின் நாடாக்களில் எஞ்சியிருப்பனவற்றை எழுத்தில் பெயர்க்க முன்வரும் ஆய்வாளர் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு அமைதல் ஆகாது. அம்மையார் எவ்வடியின் இறுதியில் மூச்சு வாங்குகின்றார் என்பதைக் குறித்தல் வேண்டும். பின்பாட்டு இல்லாத பதிவிலும், அது வந்திருக்க வேண்டிய இடத்தில் பாட்டெடுத்துப் பழகிய குரல் தன்னை அறியாமல் சிறிது பொறுக்கும். அடுத்த அடி அப்பொறுப்பின் பின்னரே பிறப்பது. பாட்டின் எப்பகுதி மனப்பாடம், எப்பகுதி அப்பொழுதே கட்டியது என்று பிரித்தறிய அதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.